ஹார்டிங் துரை கட்டாத கோயில்

குடையின் முனையால் கோயில் சுவரை மூன்று முறை தட்டினார் வசந்தகுமார். காதைச் சாய்த்தார். கல் ஏதோ பதில் சொல்லிவிட்டதுபோலத் தலையாட்டிக்கொண்டார். எதிரே நான்கு விருந்தாளிகள். யார் வீட்டுக் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கோ மும்பையிலிருந்து வந்தவர்கள். பந்தி எப்போது தொடங்கும் என்று வாசலைப் பார்த்தபடி நின்றார்கள்.

"கேட்டியளா? வெண்கலச் சத்தம். இது இந்த ஊருக் கல்லு இல்ல பாத்துக்கிடுங்க. இங்கிலாந்துலேருந்து கப்பல்ல வந்த கல்லு. ஹார்டிங் துரை கையோட கொண்டாந்தாரு. ஏக்தம் கோதிக்."

கோயிலுக்குப் பின்னால் இருநூறு தப்படியில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும், எருமைகள் படுத்துக் கிடக்கும். பள்ளத்தின் விளிம்பெல்லாம் உளி வைத்துப் பிளந்த தடம் வரிசை வரிசையாகத் தெரியும். கோயில் சுவரில் ஏறிய கல்லும் பள்ளத்தில் மிச்சம் நிற்கும் கல்லும் ஒரே வயிற்றில் பிறந்தவை என்று எருமை ஓட்டுகிறவனுக்குத் தெரியும். செயலர் வசந்தகுமாருக்கு மட்டும் முப்பத்தைந்து வருஷமாகத் தெரியவில்லை. அந்தப் பக்கம் போனால் செருப்பில் சேறு ஒட்டும்.

புனேயிலிருந்து கடக்வாஸ்லா அணைக்குப் போகிற சாலையில் இருக்கிறது தாம்னேவாடி. ஒரு காலத்தில் தனிக் கிராமம். தொண்ணூறுகளில் நகரம் வந்து அதில் பாதியை விழுங்கிவிட்டது. மிச்சப் பாதியில் கொஞ்சம் சோளக்கொல்லை, கொஞ்சம் மாட்டுத் தொழுவம், இந்தக் கோயில். நீளம் ஐம்பத்தைந்து அடி, அகலம் இருபத்து நாலு. கோபுரம் கிடையாது. இரண்டடி கனச் சுவர். வெளியே கொத்திய கருங்கல், உள்ளே சல்லியும் சுண்ணாம்பும். தேக்கு உத்திரம், மேலே சிவப்பு ஓடு. பக்கத்துக்கு ஐந்து சன்னல். வாசலுக்கு முன்னால் நான்கு மரத்தூண்கள் தாங்கும் முகப்பு. அதையொட்டி மரச்சட்டத்தில் தொங்குகிற மணி. கட்டினவன் கணக்குத் தெரிந்தவன். நூறு மழைக்கு மேல் பார்த்தும் சுவர் ஓரிடத்தில் பிதுங்கவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுச் சாரத்தில் ஏறித் தலைநிமிர்ந்தவர்கள் எத்தனையோ பேர் உண்டு. அவர்களில் யாரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அந்தச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, கட்டினவன் கையைத் தேடுவார்கள். வசந்தகுமார் தடவ மாட்டார். குடையால் தட்டுவார்.

பட்டப்படிப்பு படித்தவர். ராணுவத் தொழிற்சாலை ஒன்றின் பண்டகசாலையில் முப்பத்திரண்டு வருஷம் இருந்து, மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவர். ஒரு செங்கல்லைத் தூக்கி இன்னொரு செங்கல்மேல் வைத்தறியாத கை. பண்டகசாலையில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை தொங்கும். அட்டையில் நாற்பது திருகாணி என்று எழுதியிருந்தால் பெட்டியில் நாற்பது இருந்தாக வேண்டும். முப்பத்தெட்டுத்தான் இருக்கிறது என்றால் தப்பு திருகாணியின் பேரில்தான், அட்டையின் பேரில் இல்லை. இதுதான் அவர் ஆயுளில் கற்றுத் தேர்ந்த வித்தை. ஓய்வுக்குப் பின் அதே வித்தையோடு கோயிலுக்குள் புகுந்தார். பார்த்த பொருளுக்கெல்லாம் ஓர் அட்டை எழுதி மாட்டினார். எல்லா அட்டையிலும் ஒரே பெயர், ஹார்டிங் துரை.

மணி ஹார்டிங் துரை வார்த்தது. பெஞ்சு ஹார்டிங் துரை இழைத்தது. வளாகத்து மூலையில் நிற்கும் புளியமரம்கூட ஹார்டிங் துரை நட்டதுதான். "சும்மாவா நட்டாரு? நெழலு விழுத தெசை பாத்து நட்டாரு. இன்ஜினியர் மூளை." எதைச் சொன்னாலும் கடைசியில் "ஏக்தம் கோதிக்", அசல் ஐரோப்பியக் கோயில் பாணி, என்று ஒரு முத்திரை விழும். கழிப்பறைக்கு மேலே காற்றுக்காக விட்டிருந்த ஓட்டையைக்கூட ஒருமுறை அப்படிச் சொல்லியிருக்கிறார். கேட்டவர் தூத்துக்குடிக்காரர், வாய் சும்மா இருக்காது. "அப்ப உள்ள போற ஆளும் கோதிக்கா சார்?" என்றார். அந்த மனிதருக்கு அதற்குப் பிறகு கோயிலில் வேதபாடம் வாசிக்கும் முறை வரவேயில்லை.

ஹார்டிங் துரை என்று ஒரு வெள்ளைக்கார மிஷனரி இருந்தது நிஜம். புளியமரத்தடியில் அவருடைய கல்லறை இருக்கிறது. ஆங்கிலத்தில் நான்கு வரி. இந்த நாட்டுக்கு வந்தது 1866இல்; இருபத்தேழாம் வயதில் காலராவில் போய்ச் சேர்ந்தது 1868இல். வெயிலும் காய்ச்சலும் தின்றது போக அந்தப் பையன் நிமிர்ந்து நின்ற நாள் எத்தனை என்று யாருக்கும் தெரியாது. வசந்தகுமாருக்கு அந்த நான்கு வரி போதுமானதாக இருந்தது. வந்த வருஷத்தையே கோயில் எழுந்த வருஷமாக்கிவிட்டார். முப்பத்திரண்டு பக்கத்தில் ஆலய வரலாறு ஒன்று அச்சடித்தார். முதல் பக்கத்தில் தம்முடைய படம். ஹார்டிங் துரையின் கல்லறை மூன்றாம் பக்கத்தில்.

துரை மேல் அவருக்கு அத்தனை ஆசை வரக் காரணம் உண்டு. திருச்செந்தூர்ப் பக்கம் தேரிமணலில் அவர் பிறந்த ஊரில், துரை கட்டிய கோயில் வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கிறது. "எங்கூருக் கோயில் கோபுரம் அஞ்சு மைலுக்குத் தெரியும்" என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர். அப்படிப்பட்டவர் இங்கே வந்து, பேர் தெரியாத ஆட்கள் கட்டிய ஓட்டுக் கொட்டகையில் முழங்கால் போடுவதா? கோபுரம்தான் இல்லை, ஒரு துரையாவது இருக்கட்டும் என்று முடிவு செய்தார்.

காலை எட்டு மணிக்குத் தமிழ் ஆராதனை, நாற்பது குடும்பம். பத்தரைக்கு மராத்தி ஆராதனை, பதினோரு குடும்பம். தமிழர்கள் தொழிற்சாலைக்கும், அணைப் பக்கத்து ராணுவக் கல்லூரிச் சமையற்கட்டுக்கும் பிழைக்க வந்தவர்கள். மராத்திக்காரர்கள் அந்த ஊரிலேயே பிறந்து, அந்தக் கோயிலிலேயே தண்ணீர் தெளிக்கப்பட்டவர்கள். யார் வீட்டுக்காரர், யார் குடிவந்தவர் என்பது வெளிச்சம். ஆனால் தமிழ் ஆராதனையில் பிரசங்கம் இருபது நிமிஷம், வசந்தகுமாரின் அறிவிப்பு முப்பது நிமிஷம். அது முடிகிற வரை வீட்டுக்காரர்கள் வெயிலில் நிற்பார்கள்.

அந்தப் பதினோரு குடும்பத்தில் ஒருவர்தான் சாலமன் சால்வே. மணி அடிப்பது, பெருக்குவது, விளக்கேற்றுவது அவர் வேலை. திருநெல்வேலி வழக்கப்படி தமிழர்கள் அவரைக் கோயில்பிள்ளை என்று கூப்பிட்டார்கள். தெருத்தமிழ் அவருக்கு வராது. முப்பது வருஷமாகக் கதவோரம் நின்று பிரசங்கம் கேட்டுக் கற்றுக்கொண்ட தமிழ். ஆகையால் வாளி ஓட்டை என்றால்கூட, "சாஹேப், இதோ, இந்தப் பாத்திரம் உடைந்திருக்கிறது, தண்ணீர் அதில் தங்குகிறதில்லை" என்றுதான் சொல்லுவார். சபையார் சிரிப்பார்கள். சால்வே சிரிப்பதில்லை. பேசினால் அப்படித்தான் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

1991இல் வசந்தகுமார் நூற்றிருபத்தைந்தாம் ஆண்டு விழா எடுத்தார். 1866உம் 125உம் கூட்டினால் அந்த வருஷம்தான் வருகிறது. பேராயரை வரவழைத்தார். ஊர் முறைப்படி அசனம். ஒன்பது ஆடு, ஆறு மூட்டை அரிசி, பூசணிக்காய்க் கூட்டு. பேராயர் ஜெபம் பண்ணினார், சாப்பிட்டார், வசந்தகுமாரின் தோளில் கை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் சட்டம் போட்டு அவர் வீட்டு முன்னறையில் தொங்குகிறது. வருகிறவர்களுக்குத் தண்ணீருக்கு முன்னால் அதுதான் கிடைக்கும்.

1993 செப்டம்பர் முடிவில் லாத்தூர்ப் பக்கம் பூமி குலுங்கியது. புனேயில் அலமாரிப் பாத்திரம் ஆடியதோடு சரி. கோயில் சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை; மேலே பூசியிருந்த சுண்ணாம்பில் மட்டும் தலைமுடி அளவுக்கு ஒரு கீறல். வசந்தகுமாருக்கு அது போதும். அடுத்த வருஷம் திருப்பணி தொடங்கிவிட்டார். ஏரவாடாவிலிருந்து பாஸ்கர் என்ற கொத்தனாரைக் கூட்டிவந்தார். தர்மபுரிக்காரன், கல் பதிப்பதில் கை சுத்தம். கதவுக்கு வலப்புறச் சுவரைச் சுரண்டச் சொன்னார்கள். நூறு வருஷத்துச் சுண்ணாம்பு வெங்காயத் தோல்போல ஏடு ஏடாகக் கழன்றது. கடைசி ஏடு கழன்றதும் கல்லில் எழுத்து தெரிந்தது. மராத்தி எழுத்து, ஏழெட்டு வரி. முதல் வரியில் ஒரு வருஷம்.

வசந்தகுமாருக்கு மராத்தி வாசிக்க வராது. முப்பத்தைந்து வருஷம் அந்த ஊர்ச் சோற்றைத் தின்றும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியதில்லை. ஆனால் எண்கள் தெரியும். புனேயில் மராத்தி எண் தெரியாமல் பஸ் ஏற முடியாது. குனிந்து பார்த்தார். 1879.

நிமிர்ந்து புளியமரத்தைப் பார்த்தார். 1868இல் புதைத்த மனிதர் 1879இல் கோயில் கட்ட வேண்டுமானால் பதினோரு வருஷம் கழித்துக் குழியிலிருந்து எழுந்து வந்திருக்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அறுத்த ஒன்பது ஆடும் வசந்தகுமாரின் வயிற்றுக்குள் ஒருமுறை கத்தின.

"பாஸ்கர், பேர் போட்ட கருப்புக் கல்லை எங்க பதிக்கணும்னு கேட்டேல்லா. இங்கதான். இந்த எடத்துலதான்."

"இதுல என்னமோ எழுதி இருக்குதுங்களே சார்."

"கொத்தன் கிறுக்கியிருக்கான். நீ கிறுக்க மாட்டியா?"

விளக்குமாற்றோடு நின்ற சால்வே ஓரடி முன்னால் வந்தார். "சாஹேப், இவைகள் எங்கள் பிதாக்களின் நாமங்கள். என் பாட்டனார் எனக்குச் சொல்லியிருக்கிறார். மூடாதிருப்பீராக."

"சால்வே, மணி அடிக்கிறவர் மணியைப் பாரும் வே."

"மெய்யாகவே சொல்லுகிறேன்."

"நானும் மெய்யாத்தான் சொல்லுதேன். பாஸ்கர், சிமெண்ட ரெண்டு பங்காப் போடு. லாத்தூரு மாதிரி இன்னும் பத்து அதிர்ச்சி வந்தாலும் இந்தக் கல்லு அசையப்பிடாது."

அந்த வாரமே கல் ஏறியது. ஐந்தடிக்கு மூன்றடி கருப்புக் கிரானைட். பொன் எழுத்தில், 1866ஆம் ஆண்டு அருள்திரு ஹார்டிங் துரை அவர்களால் கட்டப்பட்ட இவ்வாலயம் 1994இல் செயலர் திரு. வசந்தகுமார் அவர்களின் பெருமுயற்சியால் புதுப்பிக்கப்பட்டது என்ற செய்தி. செயலரின் பெயர், தலைப்பில் இருந்த ஆண்டவர் பெயரைவிட இரண்டு நூல் தடிப்பு. அடியில் பொடி எழுத்தில் பதினாறு தமிழ்ப் பெயர்கள். மராத்தியில் ஓர் எழுத்து இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் வசந்தகுமார் மற்றவர்களுக்குப் பத்து நிமிஷம் முன்னால் வந்து அதன் எதிரே நிற்பார். கேட்டால், தூசி பார்க்கிறேன் என்பார்.

பதினோரு வருஷம் அப்படியே ஓடியது. 2005இல் ஒரு திங்கட்கிழமை காலை கோயில் முகப்பின் நான்கு தூணிலும் சிவப்புச் சாயத்தில் பெருக்கல் குறி விழுந்திருந்தது. அணைச் சாலையை அகலப்படுத்துகிறார்கள். கோயில் பக்கம் பதினெட்டு அடி எடுக்க வேண்டும். பதினெட்டு அடி என்றால் முகப்பு, மணிச் சட்டம், முன்சுவர், எல்லாம். முன்சுவர் போனால் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் முதல் உத்திரம் போகும்; அது போனால் கூரை முழுவதும் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே வரும். ஒரே ஒரு வழி இருந்தது. கட்டடம் நூறு வருஷத்துக்கு மேற்பட்டது என்று அத்தாட்சியோடு காட்டினால் பழங்கட்டடப் பட்டியலில் சேர்த்துக்கொண்டு, சாலைக் கோட்டை எதிர்ப்பக்கத்துக்கு வளைப்பார்கள். எதிர்ப்பக்கம் வெறும் சர்க்கார் தரிசு. வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை போயாக வேண்டும்.

பழங்கட்டடப் பிரிவிலிருந்து புதன்கிழமை பார்வையிட வந்தவள் அம்ருதா என்ற இளம் பெண். கட்டடக்கலை படித்தவள். ஆகுர்டியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அப்பா அங்கே மோட்டார்த் தொழிற்சாலையில் வேலை. தமிழ் பேசும்போது நடுவில் நின்று நின்று சொல் தேடுவாள். நம்ம பிள்ளை வந்திருக்கிறது என்று வசந்தகுமாருக்கு ஏகக் குஷி. குடையை எடுத்துக்கொண்டார்.

கப்பல் கதையைக் கேட்டுக்கொண்டே அவள் பின்பக்கம் போய்ப் பள்ளத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். வசந்தகுமார் சன்னல் வளைவுகளைக் குடையால் காட்டி, "இங்கிலாந்துல பெரிய பெரிய கோயில்லதான் இது உண்டும். ஏக்தம் கோதிக்" என்றார்.

"அங்கிள், இதே வளைவு ஊருக்குள்ள பாட்டீலோட பழைய வாடா வீட்டு கேட்ல இருக்கு. கிணத்துப் படியில கூட இருக்கு. சேம் கை."

"அது இதைப் பாத்துக் காப்பியடிச்சிருப்பான்."

"கிணறு முந்நூறு வருஷம் பழசு அங்கிள்."

உள்ளே சுவரில் ஆள் நெஞ்சு உயரத்துக்கு வரிசையாகச் சிறு மாடங்கள். "இதெல்லாம் துரை பைபிளும் பாட்டுப் புஸ்தகமும் வைக்கதுக்கு விட்ட எடம்" என்றார். அம்ருதா ஒரு மாடத்தின் மேற்பக்கம் விரலை விட்டுத் தேய்த்தாள். விரல் கரியாக வந்தது. "தியா வைக்கிறது அங்கிள், விளக்கு. இந்த ஊர்ல எல்லா வீட்லயும் இருக்கு. இல்லேன்னா துரை புஸ்தகத்தைக் கொளுத்தினாரா?"

கதவோரம் சால்வே இருமினார். அது இருமல்தானா என்று வசந்தகுமார் திரும்பிப் பார்த்தார்.

முடிவாக அம்ருதா வேலைக்கு வந்தாள். பழைய கடிதம், பத்திரம், பதிவேடு எதுவும் உண்டா? ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது, அது 1931க்குப் பிற்பட்டது. மற்றதைக் கறையான் தின்றுவிட்டது. வசந்தகுமார் தம் ஆலய வரலாற்றை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். அவள் புரட்டினாள்.

"இதுல 1866னு போட்டிருக்கே, இதை எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"எங்கேருந்து எடுக்க? நாந்தானம்மா எழுதினேன்."

"அதில்ல அங்கிள். ஆதாரம்."

"அதான் சொல்லுதேன். நாந்தான்."

அவள் புத்தகத்தை மெல்ல மூடித் திருப்பிக் கொடுத்தாள். வெளியே வந்து கிரானைட் கல்லின் முன்னால் நின்றாள். "இது தொண்ணூத்தி நாலுல வெச்ச கல். ஆபீஸ்ல இதைப் பார்த்தா, கட்டடத்துக்குப் பதினோரு வயசுன்னு எழுதிடுவாங்க. பழைய கல் ஒண்ணும் இல்லையா? வருஷம் வெட்டினது? எல்லாக் கோயில்லயும் ஒண்ணு இருக்குமே."

புளியமரத்தில் காக்கை ஒன்று உட்கார்ந்து எழுந்தது. சால்வே பெருக்குவதை நிறுத்தியிருந்தார். சொன்னால் கோயில் நிற்கும். சொன்னால் ஹார்டிங் துரை விழுவார். 1991 விழா விழும். பேராயரின் கை தோளிலிருந்து விழும். மும்பைக்காரரும் சென்னைக்காரரும் இத்தனை வருஷம் வாய்பிளந்து கேட்ட அத்தனையும் விழும்.

"இல்ல" என்றார். "அப்படி ஒண்ணும் இல்ல."

நாற்பது தமிழ்க் குடும்பமும் பதினோரு மராத்திக் குடும்பமும் தெருவில் நிற்கட்டும், என் அட்டை மாறக்கூடாது. அந்த ஒரு சொல்லுக்கு அர்த்தம் அதுதான். படித்தவர், நாசூக்காகச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்குப் போனவருக்குச் சோறு இறங்கவில்லை. அவர் மனைவி பவுன் மோரை ஊற்றி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அந்தம்மாள் பேச்சுக்கு அந்த வீட்டில் மரியாதை குறைவு, அவசியம் அதிகம்.

"அந்தப் பிள்ளைட்ட இல்லன்னா சொன்னிய?"

"உனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? தொண்ணூத்தி நாலுல கொத்தனுக்கு டீ கொண்டாந்தவ நாந்தான. நான் என்ன கண்ணு அவிஞ்சா நின்னேன்?"

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. பேராயரு வந்து நூத்தி இருபத்தஞ்சுன்னு ஜெபம் பண்ணிட்டுப் போயிருக்காரு. அவர்ட்ட என்ன சொல்லச் சொல்லுத?"

"கறி நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டுப் போனாரு. கோயிலுக்கு வயசு கொறஞ்சா கறியும் கெட்டுப் போயிருமா?"

"வெளையாடாத."

"நான் என்னத்துக்கு வெளையாடுதேன். சுவரு போச்சுன்னா உங்க கல்லும் சேந்துதான் போவும். புல்டோசர்காரன் உங்க பேர மட்டும் பூத்தட்டுல வச்சுக் குடுப்பானாக்கும்." தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். "பாஸ்கரு நம்பர் எங்கிட்ட இருக்கு. நீங்க கூப்பிடுதியளா, நான் கூப்பிடட்டா?"

இந்த ஒரு கணக்கு அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. எப்படியும் கல் போகும். மோரைக் குடித்தார். முகம் கொஞ்சம் தெளிந்தது. மனம் திருந்தியதால் வந்த தெளிவு என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. கல்லை உடையாமல் பெயர்த்து உள்ளே பலிபீடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடலாம் என்ற யோசனை வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை பாஸ்கர் உளியும் சம்மட்டியும் கொண்டுவந்தான். தலை நரைத்திருந்தது; கை அப்படியே இருந்தது. அம்ருதா கேமராவோடு வந்தாள். "பழைய கல் இருக்குன்னு ஆன்ட்டி போன்ல சொன்னாங்க" என்றாள். வசந்தகுமார் அதைக் காதில் வாங்காமல், "இப்பத்தான் நெனவு வந்துச்சு" என்றார். முந்தா நாள் இல்லாத நினைவு. பதினோரு குடும்பமும் வந்திருந்தது, யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் என்று கேட்கத் தேவையில்லை, மணிச் சட்டத்தின் அருகில் கைகட்டி நின்றார் சால்வே.

"பாஸ்கர், கல்லு முழுசா வரணும். ஒரு எழுத்து செதறப்பிடாது."

"வராதுங்க சார்."

"ஏன் வராது? பதிச்சவன் நீதான."

"பதிச்சவன் நான்தானுங்க. ரெண்டு பங்கு சிமெண்ட் போடச் சொன்னது நீங்கதானே. அன்னிக்கு ஒரு பங்கு சொல்லியிருந்தீங்கன்னா தட்டுல வச்சுக் குடுத்திருப்பேன்."

"ஓரத்துலேருந்து மெதுவா எடுத்துப் பாரு."

"எந்த ஓரம்னு சொல்லுங்க."

வசந்தகுமார் யோசித்தார். தம் பெயர் மேலே நடுவில் இருந்தது. கீழே பொடி எழுத்துப் பதினாறு பெயர். "கீழருந்து வா" என்றார்.

பாஸ்கர் கீழிருந்து வந்தான். முதல் அடியில் பொருளாளர் போனார். அடுத்து இரண்டு மூப்பர்கள். பதினாறு பேரும் சில்லுச் சில்லாகத் தரையில் உதிர்ந்தார்கள். அவர்களில் மூன்று பேர் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வசந்தகுமார் ஒவ்வோர் அடிக்கும் "மெதுவா, மெதுவா" என்றார். மேல் பாதி மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது. பாஸ்கர் பின்னால் உளியைச் செருகி ஒரு நெம்பு நெம்பினான். கல் முனகியது. பிறகு ஒரே வெடிப்பு. ஹார்டிங் துரை ஒரு பக்கமும் செயலர் இரண்டு துண்டாக இன்னொரு பக்கமும் விழுந்தார்கள்.

பாஸ்கர் சிமெண்டைக் கொத்தியெடுத்து, ஒரு வாளித் தண்ணீரைச் சுவரில் வீசினான். கருங்கல் கழுவிக்கொண்டு எழுந்தது. ஆழமாக வெட்டிய எழுத்து. ஓரிடத்தில்கூட உளி வழுக்கவில்லை. அம்ருதா கிட்டே போய் மராத்தியில் சத்தமாக வாசித்தாள். பிறகு தமிழர் பக்கம் திரும்பிச் சொல் தேடினாள்.

"1879. பஞ்சம் வந்துச்சு. பஞ்சத்துல இந்த ஊர் ஆளுங்க... கூலிக்குக் கல் உடைச்சு... ஆண்டவருக்கு இந்த வீட்டைக் கட்டினாங்க. வெள்ளைக்காரர் பேர் ஒண்ணும் இல்ல. பூரா இவங்க பேர்தான்."

"நாமங்களை வாசிப்பாயாக" என்றார் சால்வே.

அவள் வாசித்தாள். "மேஸ்திரி சகாராம். கோண்டிபா. ராகு. பிகாஜி. யேசு, கோண்டிபாவின் மகன். தோண்டி..."

ஒவ்வொரு பெயருக்கும் சால்வே "ஆமென்" என்றார். மூன்றாவது பெயரிலிருந்து அந்தப் பதினோரு குடும்பமும் சேர்ந்துகொண்டது. பவுனும் சொன்னாள். பாஸ்கருக்கு என்னவென்று புரியவில்லை. ஆனாலும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"இது போதும்" என்றாள் அம்ருதா. நான்கு படம் எடுத்தாள். "கோடு அந்தப் பக்கம் போயிடும். எல்லாரும் கல் பக்கத்துல நில்லுங்க, ஒரு போட்டோ. அங்கிள், நீங்களும் வாங்க. அங்கிள்?"

வசந்தகுமார் எல்லோருக்கும் முதுகைக் காட்டித் தரையில் குந்தியிருந்தார். உடைந்த இரண்டு துண்டையும் விளிம்போடு விளிம்பு சேர்த்து வைத்தாயிற்று. சுவரைக் கழுவிய தண்ணீர் சேறாகி அவரை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தது. அதை இடது கையால் அணைபோட்டுத் தடுத்துக்கொண்டு, கைக்குட்டையின் நுனியை எச்சிலில் நனைத்து, தம் பெயரின் முதல் எழுத்திலிருந்து தூசியைத் துடைக்கத் தொடங்கினார்.